வட்டணி: எவர் பொறுப்பில்?

குழுவினருக்கு வணக்கம்.

தரவு மிகைமைக்காக, அதாவது ஒரு வட்டு போனாலும் தரவு எஞ்சும்படி, பல வட்டுகளை ஒன்றாகக் கட்டும் ரெய்டு முறைக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த உரையாடலில் இதுவரை ‘மிகைமை வட்டு அணி’, ‘காப்பு வட்டுத் தொகுதி’, ‘உபரி வட்டு வரிசை’ என மூன்று முன்மொழிவுகள் வந்துள்ளன. எந்தச் சொல் நிலைத்தாலும், அதன் இருவகைகளை ‘வன்பொருள்’, ‘மென்பொருள்’ என்னும் முன்னொட்டுகளால் பிரித்துக்கொள்ளலாம் என்பதை எவரும் மறுக்கவில்லை. எனக்குத் தயக்கம் இருப்பது அந்த முன்னொட்டுகளில்தான். ஒரு சேவையகத்துக்கு எந்த வகையைத் தேர்வது என்று முடிவெடுக்க வேண்டியவர் முதலில் காண்பது இந்தப் பெயர்களையே. அவை அவரைப் பொருத்தமற்ற ஒப்பீட்டுக்குள் தள்ளிவிடுகின்றன.

பொதுச்சொல்லை முதலில் முடித்துவிடுகிறேன். 1988இல் பெர்க்லியைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில், ரெய்டு என்னும் சுருக்கத்தின் மூன்றாம் எழுத்து ‘மலிவான’ என்பதைக் குறித்தது. பெருங்கணினிகளுக்கான விலைமிகுந்த ஒற்றைப் பெருவட்டுக்கு மாற்றாக, தனியாள் கணினிகளுக்கான சிறு வட்டுகளைச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்பதே அவர்களுடைய வாதம். பின்னாளில் அந்த எழுத்துக்குத் ‘தனித்த’ என்று வேறு பொருள் சொல்லப்பட்டு அதுவே பரவியது. விரிவே மாறிவிட்ட சுருக்கத்தின் நான்கு சொற்களையும் நாம் வரிசை தவறாமல் பெயர்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

‘மிகைமை’ என்பதைப் பெயருக்குள் வைப்பதிலும் இடர் உண்டு. தரவை வட்டுகளில் அமைக்கும் முறைகளை ‘நிலைகள்’ என்கிறோம். அந்தக் கட்டுரை வகுத்தவை ஒன்று முதல் ஐந்து வரையான நிலைகள் மட்டுமே. பின்னர் வழக்கில் சேர்ந்த சுழிய நிலையில் மிகைமை என்பதே கிடையாது; தரவைப் பட்டைபட்டையாக வெட்டி எல்லா வட்டுகளிலும் பரப்புவதோடு அது நின்றுவிடுகிறது, ஒரு வட்டு போனால் அனைத்தும் போகும். பொதுப்பெயரில் மிகைமையைச் சேர்த்துவிட்டால் ‘மிகைமையற்ற மிகைமை வட்டு அணி’ என்று எழுத நேரும். ஆகவே பொதுச்சொல் ‘வட்டணி’ என்று இருக்கட்டும். மிகைமை என்பது அதன் பண்பாக, இருக்கும் இடத்தில் மட்டும் சொல்லப்படட்டும்.

‘மிகை’ என்றாலே தேவையற்றது என்ற பொருள் தொனிக்கிறதே என ஒருவர் கேட்டிருந்தார். மிகைபடக் கூறலையும் கூறியது கூறலையும் நம் இலக்கண நூலார் குற்றங்களின் பட்டியலில் வைத்தது உண்மைதான். ஒரே தரவை இரு வட்டுகளில் எழுதும் முதல் நிலை வட்டணி செய்வது முழுக்க முழுக்கக் கூறியது கூறல். நூலுக்குக் குற்றமானது வட்டுக்கு அறமாவதில் எனக்கு வருத்தமில்லை.

‘காப்பு’ என்பதை மட்டும் எந்த வடிவிலும் ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காப்புநகல் என்பது வேறு. கோப்பு ஒன்றைத் தவறுதலாக அழித்தால், இரு வட்டுகளிலும் உள்ள இரு படிகளும் அதே நொடியில் அழிகின்றன. பணம் பறிக்கும் தீநிரல் ஒன்று கோப்புகளை மறையாக்கம் செய்தால் வட்டணி அதையும் குறைவின்றிப் படியெடுத்து வைக்கும். வட்டு பழுதுபட்ட வேளையிலும் சேவை நிற்காமல் ஓடுவதற்கே இந்த ஏற்பாடு. பெயரில் ‘காப்பு’ இருந்தால் காப்புநகல் எடுக்காமல் விட்டுவிடுவோர் எண்ணிக்கை கூடும்.

இடையே இன்னொரு சொல். இழந்த தரவைத் திரும்பக் கணக்கிடுவதற்காகக் கூடுதலாக எழுதிவைக்கும் பாரிட்டி என்பதைச் ‘சமநிலை’ என்று சில ஆவணங்கள் எழுதுகின்றன. படிப்பவருக்கு அதிலிருந்து எதுவும் விளங்குவதில்லை. மூன்று வட்டுகளில் முறையே 1, 0, 1 என்னும் பிட்டுகள் உள்ளன என்று கொள்வோம். எக்ஸார் கணக்கின்படி (1கள் இரட்டைப்படையானால் 0, ஒற்றைப்படையானால் 1) நான்காம் வட்டில் 0 எழுதப்படும். இரண்டாம் வட்டு பழுதானால், எஞ்சிய 1, 1, 0 ஆகியவற்றை மீண்டும் எக்ஸார் செய்ய, இழந்த 0 கிடைத்துவிடும். அந்த நான்காம் பிட்டு, போனது எதுவானாலும் அதற்கு ஈடு தருகிறது. ஆகவே ‘ஈட்டுத்தரவு’ என்று முன்மொழிகிறேன். ஆறாம் நிலையில் இத்தகைய ஈடுகள் இரண்டு என்று சொன்னால், இரண்டு வட்டுகள் போனாலும் தாங்கும் என்பது தானே விளங்கும்.

இனி வகைகள். ‘வன்பொருள் ரெய்டு’ எனப்படுவதில் வட்டுகளுக்கும் கணினிக்கும் நடுவே ஒரு கட்டுப்படுத்தி அட்டை அமர்ந்திருக்கிறது. அதற்கெனத் தனிச் செயலி, தனி நினைவகம், அதில் ஓடும் நிலைபொருள் (ஃபர்ம்வேர்) எல்லாம் உண்டு. நிலைபொருளும் நிரல்தானே? அங்கும் வட்டணியை நடத்துவது ஒரு மென்பொருள்தான். அது குடியிருக்கும் இடமும், அதைத் திறந்து பார்க்கும் உரிமை எவரிடம் உள்ளது என்பதுமே வேறு. ‘வன்பொருள்’ என்றவுடன் வேகம் என்றும், ‘மென்பொருள்’ என்றவுடன் செயலிக்குச் சுமை என்றும் மனம் ஓடிவிடுகிறது. செயலிகள் மெதுவாக இருந்த காலத்தில் அது சரியான கவலை. இன்றோ லினக்ஸ் இயங்குதளத்தின் கருவகம் (கெர்னல்) தன்னிடமுள்ள ஈட்டுக் கணக்கு முறைகளைச் சோதித்து ஓட்டிப் பார்த்து, தேர்ந்தெடுத்ததன் பெயரையும் வேகத்தையும் தொடக்கப் பதிவில் எழுதிவைக்கிறது. அந்த வரியில் நொடிக்குப் பல ஆயிரம் மெகாபைட்டுகள் என்று காண்பது சாதாரணம். சுழலும் வட்டுகள் சில சேர்ந்தாலும் அந்தக் கணக்கின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவே முடியாது.

அப்படியானால் அட்டைக்கு எவரும் ஏன் செலவிட வேண்டும்? அதன் உண்மையான வலிமை, மின்கலமோ மீமின்தேக்கியோ தாங்கிப் பிடிக்கும் எழுது இடையகத்தில் இருக்கிறது. தரவோடு ஈட்டையும் எல்லா வட்டுகளிலும் பரப்பி வைக்கும் ஐந்தாம் நிலையில் ஒரு சிறு பகுதியை மாற்றி எழுத, பழைய தரவைப் படித்து, பழைய ஈட்டைப் படித்து, புதிய தரவை எழுதி, புதிய ஈட்டை எழுத வேண்டும்: ஓர் எழுத்துக்கு நான்கு வட்டுச் செயல்கள். தரவுத்தளம் போன்ற சிற்றெழுத்துகள் மிகுந்த பணிகளில் இது உறைக்கும். பாதுகாக்கப்பட்ட இடையகம் உள்ள அட்டை, தரவைத் தன் நினைவகத்தில் வாங்கியவுடனே ‘எழுதியாயிற்று’ என்று விடையளித்துவிட்டு, சிற்றெழுத்துகளைத் திரட்டி வசதியான வரிசையில் வட்டுக்கு அனுப்பும். தரவை எழுதி முடித்து ஈட்டை எழுதும் முன் மின்சாரம் போனால் இரண்டும் பொருந்தாமல் நின்றுவிடும் ‘எழுத்துத்துளை’ என்னும் சிக்கலுக்கும் இதுவே மருந்தாகிறது. மின்சாரம் திரும்பியதும் இடையகத்தில் எஞ்சியது எழுதப்பட்டுவிடும். மின்கலம் நலிந்தால் பல அட்டைகள் இந்த வசதியைத் தாமே நிறுத்திக்கொள்கின்றன, வேகம் சட்டென்று சரிகிறது. மின்கலமற்ற அட்டையை வாங்கி, வேகத்துக்காக இந்த இடையக முறையைக் கட்டாயப்படுத்தி இயக்குவோர் இருக்கிறார்கள். அவர்கள் காசு கொடுத்து ஆபத்தை வாங்குகிறார்கள்.

இயங்குதளத்தின் பக்கத்தில் அதே துளையை வேறு வழிகளில் அடைக்கிறார்கள். லினக்ஸ் கருவகமே வட்டணியை நடத்தும் எம்டி ஏற்பாட்டில் தனிப் பதிவேட்டுச் சாதனம் ஒன்றையோ, பகுதி ஈட்டுப் பதிவையோ இயக்கலாம். வட்டணியையும் தானே நடத்தும் கோப்பு முறைமையான இசட்எஃப்எஸ் பழைய இடத்தின் மேல் எழுதுவதே இல்லை. புதிய இடத்தில் முழுப் பட்டையாக எழுதி, எல்லாம் முடிந்த பிறகே சுட்டியை மாற்றுகிறது. அதோடு ஒவ்வொரு தொகுதிக்கும் சரிபார்ப்புத்தொகை வைத்திருப்பதால், இரு படிகள் வேறுபட்டால் எது சரியானது என்று அதனால் தீர்மானிக்க முடியும். சாதாரண அட்டையாலும் எம்டியாலும் அது இயலாது: அவை வேறுபாடு இருப்பதைக் கண்டறியும், எதை நம்புவது என்று அறியா. இந்த ஒன்றே, ‘வன்பொருள்–மென்பொருள்’ என்ற கோடு எவ்வளவு பயனற்றது என்பதைக் காட்டுகிறது.

தேர்வில் எனக்கு முதன்மையாகத் தோன்றும் கேள்வி: எந்த வட்டில் எந்தப் பட்டை எங்கே கிடக்கிறது என்னும் அறிவு எவரிடம் உள்ளது? அட்டை வட்டுகளை மறைத்துவிட்டு ஒரே பெருவட்டாகக் காட்டுகிறது. தளவமைப்பு அதன் சொந்த வடிவத்தில் வட்டுகளில் எழுதப்பட்டிருக்கும். இதற்கு டிடிஎஃப் என்னும் பொதுத்தரம் இருந்தும் எல்லா அட்டைகளும் அதைப் பின்பற்றுவதில்லை. அட்டை பழுதானால், வட்டுகள் நலமாக இருந்தும், அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னோர் அட்டை கிடைக்கும்வரை தரவு எட்டாக்கனியே. எம்டி வட்டணியின் வட்டுகளையோ வேறெந்த லினக்ஸ் கணினியில் செருகினாலும், அவற்றிலுள்ள தலைப்புத் தொகுதியைப் படித்து எம்டிஏடிஎம் கட்டளை அணியைச் சேர்த்துவிடும். எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்தால், நலமான வட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு யூ எழுத்து, விழுந்த வட்டின் இடத்தில் ஓர் அடிக்கோடு என, நிலைமை வெளிப்படையாகத் தெரியும்.

ஆகவே ‘அட்டைவழி வட்டணி’, ‘இயங்குதளவழி வட்டணி’ என்று முன்மொழிகிறேன். எந்தப் பெயருக்கும் ஒரு சோதனை வேண்டும். இதற்குப் ‘போலி ரெய்டு’ எனப்படுவதை எடுத்துக்கொள்வோம். தாய்ப்பலகையின் நிலைபொருளில் வட்டணியை அமைப்பதற்கான திரை வரும். பயனர் அதை வன்பொருள் என்று நம்புகிறார். ஈட்டுக் கணக்கையோ இயங்குதளத்தின் இயக்கிதான் செய்கிறது, பாதுகாக்கப்பட்ட இடையகம் கிடையாது. அட்டையின் வலிமை இன்றி அதன் பிணைப்பு மட்டும் வந்து சேர்கிறது. வன்பொருள், மென்பொருள் என்ற பிரிப்பில் இது நடுவில் தொங்கும். ‘எவர் வழி’ என்று கேட்டால் இது இயங்குதளவழியே என்ற விடை தயக்கமின்றி வருகிறது.

கருத்துகளை எதிர்நோக்குகிறேன்.

* * *

ஐயா, வணக்கம்.

‘வட்டணி’யும் ‘ஈட்டுத்தரவு’ம் எனக்கு உடன்பாடே. பள்ளிக் கணிதத்தில் அணி வேறொன்றைக் குறிக்கிறது என்பது தடையன்று. ஒருவர் விழுந்தால் மற்றவர் பொறுப்பேற்கும் விளையாட்டு அணியின் பொருள் இங்கு நன்றாகவே பொருந்துகிறது. எஸ்எஸ்டியில் சுழலும் வட்டு ஏது என்று கேட்பவர்களுக்கு, மூலமொழியிலும் அதே பிசகு இருக்கிறது என்று சொல்லி நகரலாம்.

‘அட்டைவழி’ என்பதில்தான் சிக்கல். கட்டுப்படுத்தி எப்போதும் அட்டையாக வருவதில்லை. சேவையகத் தாய்ப்பலகையிலேயே சில்லாகப் பதிக்கப்பட்டிருக்கலாம், வெளியே தனிப் பெட்டிக்குள்ளும் இருக்கலாம். மாறாக, அட்டை வடிவில் இருந்தும் வட்டணி எதையும் நடத்தாமல், வட்டுகளை உள்ளபடி இயங்குதளத்துக்குக் கடத்திவிடும் இணைப்பு அட்டைகள் உண்டு; இசட்எஃப்எஸ் பயன்படுத்துவோர் விரும்பி வாங்குவது அவற்றைத்தான். ‘கட்டுப்படுத்திவழி’ என்பது நீளமானாலும் பிழையற்றது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் மடல் இயங்குதளத்தின் பக்கம் சற்றே சாய்கிறது. கட்டுப்படுத்தி வட்டணியை ஒரே வட்டாகக் காட்டுவதால் அதிலிருந்து கணினியைத் தொடக்குவது எளிது. எம்டியில், கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் உள்ள தொடக்கப் பகிர்வு பெரும்பாலும் அணிக்கு வெளியே நிற்பதால், அதை ஒவ்வொரு வட்டிலும் தனியே படியெடுத்து வைக்க வேண்டும். மறந்தவர், முதல் வட்டு போன அன்று, தரவு முழுவதும் இருந்தும் தொடங்க மறுக்கும் கணினியின் முன் நிற்பார். விளக்கு எரியும் வட்டை உருவி, புதியதைச் செருகினால் மீளமைப்பு தானே தொடங்கும் ஏற்பாடு, கட்டளை அறியாத பணியாளர் மட்டும் இருக்கும் இடங்களில் பெரிய உதவி. அங்கெல்லாம் நான் கட்டுப்படுத்தியைத்தான் பரிந்துரைப்பேன்.

* * *

ஐயா, வணக்கம்.

‘கட்டுப்படுத்திவழி’ என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் குறிப்பிட்ட இணைப்பு அட்டையின் எடுத்துக்காட்டு என் சொல்லை முற்றாக வீழ்த்திவிடுகிறது. தொடக்கப் பகிர்வு பற்றிய எச்சரிக்கை விளக்கக் குறிப்பில் இடம்பெற வேண்டும்.

அதே குறிப்பில், இரு வகைக்கும் பொதுவான ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன். மேசைக்கணினிக்கான வட்டுகளுள் பல, படிக்க முடியாத பகுதியைக் கண்டால் ஒரு நிமிடத்துக்கும் மேலாக முயன்றுகொண்டே இருக்கும். வட்டணிக்கென விற்கப்படுபவை பெரும்பாலும் 7 நொடிகளில் கைவிட்டுப் பிழையை அறிவித்துவிடும். அணி அந்தப் பகுதியை ஈட்டிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளும். லினக்ஸ் இயல்பாகக் காத்திருப்பது 30 நொடிகள். அதற்குள் விடை வராவிட்டால் வட்டை மீட்டமைக்க முயன்று, இறுதியில் ஒரு சிறு பழுதுக்காக முழு வட்டையும் அணியிலிருந்து வெளியேற்ற நேரலாம். கட்டுப்படுத்திகளுக்கும் இத்தகைய காலவரம்பு உண்டு. வகையைத் தேர்வதில் செலுத்தும் கவனத்தில் பாதியை வட்டைத் தேர்வதிலும் செலுத்த வேண்டும்.

‘மீளமைப்பு’ என்று நீங்கள் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ‘மீட்பு’ என்பதைக் காப்புநகலிலிருந்து தரவை எடுப்பதற்கு ஒதுக்கிவிட்டால் இரண்டும் குழம்பா. வட்டு ஒன்றை இழந்து, மீளமைப்பு முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும் அணிக்குக் ‘குறைநிலை வட்டணி’ என்று சொல்லலாமா?

கலைச்சொல் பட்டியலுக்கான என் வரைவு இது. வட்டணி: பல வட்டுகளை ஒரே சேமிப்பகமாக இயக்கும் அமைப்பு, நிலைக்கேற்ப மிகைமை உடையதாகவோ அற்றதாகவோ இருக்கும், ரெய்டு என்றும் வழங்கும். கட்டுப்படுத்திவழி வட்டணி: தளவமைப்பும் ஈட்டுக் கணக்கும் தனிக் கட்டுப்படுத்தியின் பொறுப்பில் இருப்பது, வழக்கில் வன்பொருள் ரெய்டு. இயங்குதளவழி வட்டணி: அவை இயங்குதளத்தின் பொறுப்பில் இருப்பது, வழக்கில் மென்பொருள் ரெய்டு, தாய்ப்பலகையின் நிலைபொருளில் அமைத்து இயக்கியால் நடத்தப்படுவதும் இதனுள் அடங்கும். வழக்குச் சொற்களை நீக்காமல் வைத்திருப்பது, அவற்றைக்கொண்டு தேடி வருபவர் இங்கு வந்து சேர வேண்டும் என்பதற்காகவே.