வீட்டை விற்றுவிட்டு வாகனத்திலேயே குடியிருக்கலாமா? மலையகத்தில் உள்ளவர்களின் ஆலோசனை தேவை

கேள்வி (ஹட்டனிலிருந்து)

வணக்கம். நானும் மனைவியும் ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் குடும்பமாகிவிட்டார்கள். மேல்மாடியோடு கூடிய எங்கள் வீட்டில் நாங்கள் இப்போது புழங்குவது குசினியும் ஒரு படுக்கையறையும் மட்டுமே. ஏனைய அறைகளைத் திறந்து பூஞ்சணம் துடைப்பதிலேயே வாரம் கழிகிறது. பொருட்களைக் குறைத்து, வீட்டையும் விற்று, ஒரு ரோசா பஸ்ஸையோ பெரிய வேனையோ வாங்கிக் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, சோலார் எல்லாம் பொருத்தி, ஆண்டு முழுவதும் அதிலேயே வாழலாம் என்று யோசிக்கிறோம். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஆறு பேராக வளர்ந்தவன் நான். ஆகவே இடம் சிறியது என்பது எனக்குப் பயமில்லை. எந்த வாகனம் மலைப் பாதைக்குத் தாங்கும், இரவில் எங்கே நிறுத்துவது, வீட்டை விற்பது சரியா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (பண்டாரவளை, சுற்றுலா வேன் சாரதி)

வணக்கம் சேர். ரோசாவில் நிமிர்ந்து நிற்கலாம், அது பெரிய வசதிதான். ஆனால் ஏறக்குறைய ஏழு மீற்றர் நீளமான வாகனத்தைத் தோட்டப் பாதையில் கொண்டுபோனால் திருப்புவதற்கு இடம் தேடி அலைய வேண்டும். அதை ஓட்டச் சாதாரண வேன் அனுமதிப்பத்திரமும் போதாது, பஸ் வகுப்பு வேண்டும். உயர்கூரை ஹைஏஸ் வேன் என்றால் உள்ளே சற்றுக் குனிய வேண்டியிருக்கும், ஆனால் போகாத பாதை குறைவு. 2020 முதல் ஐந்து ஆண்டுகள் வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பழைய வேன்களுக்கும் இன்னும் நல்ல விலை இருக்கிறது. எதை வாங்கினாலும் உள்ளமைப்பை மாற்றும் முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்க இடமுண்டு.

இருக்கைகளைக் கழற்றியதும் பாரம் குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். நூறு லீற்றர் தண்ணீர் நூறு கிலோ. அதோடு பிளைவூட் அலுமாரி, பற்றரி, காஸ் சிலிண்டர் எல்லாம் ஒரே பக்கத்தில் அமைந்தால் றம்பொடை வளைவுகளில் வண்டி சாய்வதை ஸ்டியரிங்கிலேயே உணர்வீர்கள். தண்ணீர்த் தாங்கியைத் தரையோடு, அச்சுகளுக்கு இடையே வைக்கச் சொல்லுங்கள். இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி நீண்ட இறக்கத்தில் வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். நானுஓயா – ரதல்ல குறுக்குப் பாதையின் இறக்கத்தில் 2023 ஜனவரியில் ஏழு உயிர்கள் போயின. பாரமான வண்டியோடு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நம் மலையில் வாகன வாழ்க்கைக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டனையும் நல்லதண்ணியையும் கினிகத்தேனையையும் நனைக்கும் காலத்தில், மலைமுகட்டுக்கு இந்தப் பக்கம் வெலிமடையிலும் பண்டாரவளையிலும் வெயில் காயும். டிசம்பரில் வடகீழ் மழை ஊவாவுக்கு வரும்போது உங்கள் பக்கம் தெளியத் தொடங்கும். நுவரெலியா வழியாக அரை நாள் ஓட்டத்தில் ஒரு பருவத்திலிருந்து இன்னொரு பருவத்துக்குப் போய்விடலாம். ஒக்டோபரும் நவம்பரும்தான் இரு பக்கமும் ஆபத்தான மாதங்கள். மீரியபெத்தை மண்சரிவு 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி நடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பாதைகள் எத்தனை இடங்களில் அறுந்தன என்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். அந்த மாதங்களில் வெட்டிய மண்மேட்டின் கீழும் ஓடைக் கரையிலும் ஒருபோதும் வண்டியை நிறுத்தித் தூங்காதீர்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை உங்கள் பிரதேசத்துக்கு வந்துவிட்டால், பாதை திறந்திருக்கும்போதே கிளம்பிவிடுங்கள்.

பதில் 2 (தலவாக்கலையைச் சேர்ந்தவர், இப்போது அமெரிக்காவில்)

இங்கே வீட்டை விற்றுவிட்டு வாகனத்தில் முழுநேரமும் வாழ்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். மின்சாரமும் தண்ணீரும் கழிவுக் குழாயும் இணைத்துக்கொள்ளக்கூடிய முகாம்கள் அவர்களுக்காகவே நடத்தப்படுகின்றன. ஆனால் அவர்களும் முகவரி இல்லாமல் வாழ்வதில்லை: பலர் தென் டகோட்டா, டெக்சாஸ், புளோரிடா ஆகிய மாநிலங்களில் கடிதங்களை வாங்கி அனுப்பிவைக்கும் சேவையிடம் முகவரி பெற்று, சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வரி அனைத்தையும் அங்கே பதிந்துவைக்கிறார்கள். நம் ஊரில் அந்த முகாமும் இல்லை, அந்தச் சேவையும் இல்லை. தோட்டத்துக் காணி கம்பனியின் பொறுப்பில் இருப்பதால் துரையின் (தோட்ட முகாமையாளரின்) அனுமதியின்றி அங்கே ஓர் இரவும் நிறுத்த இயலாது. ஆகவே தெரிந்த விருந்தினர் விடுதி, உறவினர் வளவு, கோயில் முன்றல் என முன்கூட்டியே கேட்டுவைத்த இடங்கள்தான் உங்களுக்கு முகாம்.

பதில் 3 (நுவரெலியா, குடும்பத் தலைவி)

ஐயா, டீச்சர் இதை எவ்வளவு விரும்புகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அவரையும் இங்கே எழுதச் சொல்லுங்கள்.

குளிரைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். 1,868 மீற்றர் உயரத்தில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லில் உறைபனி படியும். இருவர் மூடிய வண்டிக்குள் தூங்கினால் விடியும்போது தகரக் கூரையின் உட்புறம் முழுவதும் வியர்த்து, சொட்டுச் சொட்டாகத் தலையணையில் விழும்; மெத்தையின் அடிப்பக்கம் ஒரே பருவத்தில் கறுத்துப்போகும். கட்டிலுக்குக் காற்றுப் புக இடைவெளி விட்டுப் பலகைச் சட்டங்கள் போடுங்கள், மழையிலும் திறந்து வைக்கக்கூடிய காற்றுத் துவாரம் வையுங்கள். சூட்டுக்காகக் கரிச் சட்டியையோ காஸ் அடுப்பையோ மூடிய வண்டிக்குள் எரிய விட வேண்டவே வேண்டாம். காபன் மொனொக்சைட்டுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். இந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேக நேரமெடுக்கும். பிரஷர் குக்கர் இருந்தால் ஐந்து கிலோ சிலிண்டர் நெடுநாள் வரும். கழிவறைப் பெட்டியை எந்த ஓடையிலும் ஊற்றிவிடாதீர்கள். அந்தத் தண்ணீர்தான் கீழே உள்ள லயத்துக்குப் பீலியில் வருகிறது.

பதில் 4 (பதுளை, பிரதேச செயலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்)

வாகனம் வாங்குங்கள், தாராளமாகப் புறப்படுங்கள். ஆனால் காணியை மட்டும் விற்காதீர்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்கிறேன். வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கவும், கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் வாங்கவும், ஓய்வூதியத்துக்காக ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கவும் நிலையான ஒரு முகவரி வேண்டும். கிளினிக்குக்கும் ஒரே வைத்தியசாலைக்குத் திரும்பி வந்தாக வேண்டும். 1823 முதல் இந்த மலைகளில் உழைத்தும், 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டும், இன்றுவரை ஏழு பேர்ச்சஸ் காணிக்கு உறுதிப்பத்திரம் கேட்டுக்கொண்டிருக்கும் மலையகத் தமிழ்ச் சமூகம் நாங்கள். உங்கள் கையில் இருக்கும் உறுதி எங்கள் மக்களில் பெரும்பாலானோருக்கு இன்னும் கிடைக்காத ஒன்று.

வீடு பெரிது என்பது உண்மையான சுமை. அதைக் குறைக்க வழியுண்டு. மேல்மாடியை ஓர் இளம் ஆசிரியர் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டு, கீழே ஓர் அறையையும் கழிவறையையும் உங்களுக்கென வைத்துக்கொண்டால், டீசல் செலவின் ஒரு பகுதி வாடகையில் வந்துவிடும்; ஒக்டோபர் மழையில் திரும்பி வர ஓர் இடமும் இருக்கும். விற்றே ஆக வேண்டுமென்றால், தண்ணீரும் மின்சாரமும் மலக்குழியும் உள்ள சிறு துண்டு நிலமாவது உங்கள் பெயரில் இருக்கட்டும். வண்டியை அங்கேயே நிறுத்தி வாழலாம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மனைவி பக்கத்திலிருந்து வாசித்தார். மேல்மாடியை வாடகைக்கு விடும் யோசனை அவருக்கு உடனே பிடித்துவிட்டது, ரோசாவை விட வேன்தான் நல்லது என்பதும் அவருடைய முடிவு. பண்டாரவளைத் தம்பி, ஹட்டனில் ஒரு பழைய உயர்கூரை ஹைஏஸ் விலைக்கு வந்திருக்கிறது. வாங்குவதற்கு முன் அதை றம்பொடை இறக்கத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க உங்களால் வர முடியுமா?