ரேஞ்சருக்கு விலங்குத் துணை வேண்டாம்னா வேற என்ன?

கேள்வி: பகடைக்காடு

டி அண்ட் டி (பகடை உருட்டி ஆடுற கதை விளையாட்டு) 5ஆம் பதிப்பு, 2014 விதிகள். சனத்தர் (2017), டாஷா (2020) ரெண்டு புத்தகமும் அனுமதி. குழுவில் அஞ்சு பேர். ரேஞ்சர் (காட்டு வேட்டைக்காரப் பாத்திரம்) அடுத்த அமர்வில் 3ஆம் லெவல், சப்கிளாஸ் (பாத்திரத்தோட உட்பிரிவு) எடுக்கணும்.

ஆடுறவருக்கு ஓநாய், பருந்து எதுவும் வேண்டாம். செத்துப்போனா மனசு கேக்காதாம், மேப்பில் இன்னொரு மினியை (சிறு பொம்மை) நகர்த்தவும் பிடிக்கலை. ஆனா காடு கூடவே வர்ற மாதிரி ஏதாவது வேணும்ங்கறார். வில்தான் ஆயுதம், டெக்ஸ் (சுறுசுறுப்பு) 16, விஸ்டம் (விவேகம்) 16. எதை எடுத்தா நஷ்டமில்லை? டிஎம்மா (ஆட்டத்தை நடத்துறவர்) நான் ஹவுஸ் ரூல் (எங்க மேசைக்கான சொந்த விதி) ஏதும் கொடுக்கணுமா?

பதில் 1: சுள்ளிப்பொறுக்கி

டாஷாவில் இருக்கற ஸ்வார்ம்கீப்பர். நீங்க கேட்டதுக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை.

சின்ன ஆவிகளோட ஒரு கூட்டம் எப்பவும் ரேஞ்சரைச் சுத்தியே இருக்கும். அதுக்குத் தனி ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) கிடையாது, தனி டர்ன் கிடையாது, மினி கிடையாது, யாராலயும் கொல்ல முடியாது. உங்க டர்னில் ஒரு தடவை, அம்பு பட்ட உடனே மூணில் ஒண்ணு: இலக்குக்கு 1டி6 (ஆறுமுகப் பகடை ஒண்ணு) பியர்சிங் (குத்துற) டேமேஜ், இல்லேன்னா ஸ்ட்ரெங்த் சேவ் (பலத்தால் தப்பிக்கற இருபதுமுகப் பகடை உருட்டு) தோத்தா நீங்க சொல்ற திசையில் 15 அடி வரை கிடைமட்டமா தள்ளும், இல்லேன்னா உங்களையே 5 அடி நகர்த்தும். போனஸ் ஆக்‌ஷன் (டர்னுக்கு ஒண்ணே கிடைக்கற சின்னச் செயல்) செலவில்லை. அதனால ஹன்டர்ஸ் மார்க்கோட (இலக்கைக் குறிச்சுக் கூடுதல் டேமேஜ் கொடுக்கற ஸ்பெல், அதாவது மந்திரம்) மோதாது. சனத்தரில் வர்ற ஹொரைசன் வாக்கரும் மான்ஸ்டர் ஸ்லேயரும் போனஸ் ஆக்‌ஷனைக் கேக்கும், மார்க்கை மாத்தற டர்னில் ரெண்டும் இடிக்கும்.

புதுசா எடுக்கறவங்க டி6-ஐ மட்டும் உருட்டிட்டு "இவ்ளோதானா"ன்னு கேப்பாங்க. தள்ளுறதுலதான் விஷயம். 5ஆம் லெவலில் ஸ்பைக் குரோத் (தரையில் முள் முளைக்கற ஸ்பெல்) கிடைக்கும்: 20 அடி ஆரம், உள்ளே நகர்ற ஒவ்வொரு 5 அடிக்கும் 2டி4. முள்ளுக்குள்ள 15 அடி இழுத்தா 6டி4, சராசரி 15. அந்த லெவலில் உங்க டிசி (எதிரி சேவில் எட்ட வேண்டிய எண்) 14 (8 + லெவலுக்கான 3 + விஸ்டமுக்கான 3). ஓகருக்கு (முரட்டு ராட்சசன்) ஸ்ட்ரெங்த் +4, அதாவது 9 அல்லது அதுக்குக் கீழே விழுந்தா தோல்வி, 45 சதவீதம். சராசரியா டர்னுக்கு 6.75. டி6 கொடுக்கறது 3.5தான். அதுக்கப்புறம் முள்ளுக்குள்ளிருந்து நடந்து வெளியே வரவும் அது ரத்தம் சிந்தணும்.

ரெண்டு எச்சரிக்கை. ஸ்பைக் குரோத், ஹன்டர்ஸ் மார்க் ரெண்டுமே கான்சன்ட்ரேஷன் (கவனத்தை விடாம பிடிச்சிருக்கணும்), ஒண்ணைத்தான் பிடிக்க முடியும். அப்புறம் முள் ஆள் பார்க்காது: உங்க ஃபைட்டர் எதிரியை விரட்டி ஓடினா அவருக்கும் அதே 2டி4.

கூட்டத்தோட உருவம் உங்க இஷ்டம். புத்தகத்தில் பூச்சி, சுள்ளிப் பூதம், சிறு பறவை, பிக்ஸின்னு நாலு இருக்கு. பூச்சின்னா அருவருக்கிறவங்க மேசையில் இருந்தா முதல்லயே கேட்டுக்குங்க.

பதில் 2: மூன்றாம் அம்பு

மேலே சொன்னது சரி. ஆனால் 3, 4ஆம் லெவலில் ஸ்பைக் குரோத் கிடையாது. அதுவரை தள்ளுவதன் பயன் வேறு: விசார்டை (மந்திரவாதி) ஒட்டி நிற்கும் காப்ளினை (குட்டி அரக்கன்) 15 அடி விலக்கினால், விசார்ட் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (விலகும்போது விழும் அடி) வாங்காமல் நகர்ந்துவிடலாம்.

வில்லாளிகள் இன்னொன்றைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எதிரி பக்கத்தில் இருக்கும்போது "5 அடி நகர்ந்துவிட்டு எய்கிறேன்" என்பது நடக்காது. முதலில் அம்பு படவேண்டும், அதுவும் டிஸ்அட்வான்டேஜில் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது). பட்ட பிறகுதான் கூட்டம் நகர்த்தும். 5ஆம் லெவலில் எக்ஸ்ட்ரா அட்டாக் வந்தபின் இரண்டாம் அம்பை நிம்மதியாக எய்யலாம்.

வெறும் டேமேஜ்தான் குறி என்றால் என் ஓட்டு சனத்தரின் க்ளூம் ஸ்டாக்கர் சப்கிளாஸுக்கு. இனிஷியேட்டிவில் (சண்டையில் யார் முதலில் என்று பார்க்கும் உருட்டு) விஸ்டம் +3 சேரும், முதல் டர்னில் ஒரு அட்டாக் கூடுதல், அதில் 1டி8 கூடுதல். டார்க்விஷனை (இருட்டில் பார்க்கும் திறன்) நம்பிப் பார்க்கும் எதிரிக்கு இருட்டில் நீங்கள் தெரியவே மாட்டீர்கள். குழுவில் ஒரு மனிதர் பக்கத்திலேயே டார்ச்சைத் தூக்கிக்கொண்டு வந்தால் இந்தக் கடைசிப் பலன் போச்சு. குகைக்குள் நுழையும் முன்பே இதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஹன்டர் சப்கிளாஸ் பழைய சோறு, ஆனால் கெடாது: அதன் கொலோசஸ் ஸ்லேயர் டர்னுக்கு ஒருமுறை 1டி8, இலக்கு ஏற்கெனவே காயப்பட்டிருந்தால்.

விலங்கு சாவதுதான் உண்மையான தடை என்றால், டாஷாவின் பிரைமல் கம்பானியனில் (விலங்குத் துணைக்கான மாற்று விதி) அது தீர்ந்துவிட்டது. செத்து ஒரு மணி நேரத்துக்குள் ஒரு ஆக்‌ஷன், ஒரு ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும் ஒரு வாய்ப்பு). ஒரு நிமிடத்தில் முழு ஹிட் பாயிண்டோடு எழுந்துவிடும். மினி பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கும்.

பதில் 3: ஈரவிறகு

எல்லாரும் டேமேஜ் கணக்கே போடுறீங்க. ஓநாய் ராத்திரி காவல் இருக்கும், முன்னாடி போய் மோப்பம் பிடிக்கும். அந்த வேலையை யார் பார்ப்பா?

காவலுக்கு அலார்ம், 1ஆம் லெவல் ஸ்பெல். ஒரு கதவு, ஒரு ஜன்னல், இல்லேன்னா 20 அடி கனசதுரம். 8 மணி நேரம். மனசுக்குள்ள அடிக்கற மணியை எடுத்தா ரேஞ்சர் மட்டும் முழிச்சுக்குவார், வந்தவனுக்குத் தெரியாது. ஆனா 2014 ரேஞ்சருக்கு ரிச்சுவல் காஸ்டிங் (ஸ்லாட் செலவில்லாம மெதுவா போடுற முறை) இல்லை, ஸ்லாட் செலவாகும். 3ஆம் லெவலில் மொத்தமே மூணு ஸ்லாட், தெரிஞ்ச ஸ்பெல்லும் மூணு. குழுவில் ரிச்சுவலா போடக்கூடிய விசார்ட் இருந்தா அவர் தலையில் கட்டுங்க.

வேவுக்கு 5ஆம் லெவலில் பாஸ் வித்தவுட் ட்ரேஸ், 30 அடிக்குள்ள இருக்கற குழுவுக்கே ஸ்டெல்த் (மறைஞ்சு நடக்கற உருட்டு) +10. ஓநாயை அனுப்பறதுக்குப் பதிலா எல்லாருமே போயிடலாம். இதுவும் கான்சன்ட்ரேஷன்தான்.

அந்த லெவலில் தெரிஞ்ச ஸ்பெல் நாலுதான்: ஹன்டர்ஸ் மார்க், பாஸ் வித்தவுட் ட்ரேஸ், ஸ்பைக் குரோத், அலார்ம். ஸ்வார்ம்கீப்பருக்கு ஃபேரி ஃபயரும் வெப்பும் இந்தக் கணக்கில் சேராம தனியா வரும், மேஜ் ஹேண்டும் (தள்ளி இருந்தே பொருளை எடுக்கற மந்திரக் கை) உண்டு. சாவி எடுக்க, கயிறு அவிழ்க்கக் கூட்டத்தையே அனுப்பலாம்.

பகடைக்காடு

ஸ்வார்ம்கீப்பர்தான்னு முடிவாயிடுச்சு, ஆடுறவர் சருகுக் கூட்டம் கேக்கறார். இன்னொண்ணு: பழைய பாத்ஃபைண்டரில் (டி அண்ட் டி மாதிரி இன்னொரு விளையாட்டு) விலங்குக்குப் பதிலா தோழர்களோட பந்தம்னு ஒரு தேர்வு இருந்துச்சே, அதை ஹவுஸ் ரூலா கொண்டுவரலாமா?

பதில் 4: மூன்றாம் அம்பு

அது ஏட்டுச் சுரைக்காய். 4ஆம் லெவலில் கிடைக்கும். மூவ் ஆக்‌ஷன் கொடுத்தால் 30 அடிக்குள் இருக்கும் தோழர்களுக்கு உங்கள் ஃபேவர்ட் எனிமி (தேர்ந்தெடுத்த எதிரி இனத்துக்கு எதிரான) போனஸில் பாதி. அந்த லெவலில் போனஸே +2, ஆகவே தோழருக்கு +1, அதுவும் விஸ்டம் மாடிஃபையர் அளவு ரவுண்டுகளுக்கு. எதிரி அந்த இனமாக இல்லாவிட்டால் பூஜ்ஜியம். மூவ் ஆக்‌ஷன் போனால் ஃபுல் அட்டாக் (ஒரே டர்னில் பல அடி) போச்சு, ரேப்பிட் ஷாட்டை நம்பும் வில்லாளிக்கு ஒரு அம்பு நஷ்டம். அதை 5ஆம் பதிப்புக்குக் கொண்டுவருவதாக இருந்தால் அட்டாக் ரோலில் போனஸ் கொடுக்காதீர்கள். இங்கே ஏசி (அடி படாமல் காக்கும் எண்) மெதுவாகத்தான் ஏறும், ஐந்து பேருக்கும் +2 என்றால் சண்டை சாய்ந்துவிடும்.

எடுக்கத் தகுந்தது 2010இல் வந்த அட்வான்ஸ்டு பிளேயர்ஸ் கைடில் உள்ள கைடு ஆர்க்கிடைப் (பாத்ஃபைண்டர் ரேஞ்சரின் மாற்று வடிவம்). விலங்குக்குப் பதில் நிலத்தோடு பந்தம்: தனக்குப் பழகிய நிலப்பரப்பில் இருக்கும்போது, அவர் பார்வையில் இருந்து அவர் குரலைக் கேட்கும் தோழர்களுக்கு இனிஷியேட்டிவ், பெர்செப்ஷன், ஸ்டெல்த், சர்வைவல் நான்கிலும் +2, குழுவின் தடம் யாருக்கும் கிடைக்காது. ஆக்‌ஷன் செலவே இல்லை. 5ஆம் பதிப்பில் நேச்சுரல் எக்ஸ்ப்ளோரர் (ரேஞ்சரின் பழகிய நிலத் திறன்) மேல் இதை அப்படியே ஒட்டலாம். அதற்குப் பதிலாக டாஷாவின் டெஃப்ட் எக்ஸ்ப்ளோரரை அவர் எடுத்தால் பழகிய நிலமே இருக்காது, ஒட்ட இடமில்லை. எதை எடுக்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

கதை நகரத்துக்குள் போனால் இது செத்துவிடும். அதற்கு ஒரு திருத்தம்: ஓரிடத்தில் தொடர்ந்து மூன்று லாங் ரெஸ்ட் (நீண்ட ஓய்வு) எடுத்தால், சுற்றி ஒரு மைல் அடுத்த இடம் பழகும்வரை பழகிய நிலம்.

பதில் 5: சுள்ளிப்பொறுக்கி

சருகுக் கூட்டம் நல்லாருக்கும். டேமேஜ் வகை மட்டும் பியர்சிங்காவே இருக்கட்டும், "சருகு எரியுமா"ன்னு யாராவது ஃபயர்பால் போடும்போது கேட்டா, எரியாது, அது ஆவி, உருவம்தான் சருகுன்னு முன்னாடியே சொல்லி வச்சிடுங்க.