ஈ.பீ.எப். (ஊழியர் சேமலாப நிதி) இலக்கத்தை எங்கே எடுப்பது?

கேள்வி: கல்முனையில் இரண்டு கடைகளில் வேலை செய்தவருக்கு அங்கத்துவ இலக்கம் 47 என்று மட்டும் தெரியும். கணக்கைத் தேட அது போதுமா?

பதில் 1: போதாது தம்பி. அங்கத்தவர் இலக்கத்தை ஒவ்வொரு தொழில் தருநரும் தங்கள் வரிசைப்படி கொடுப்பார்கள், 47 பல இடங்களிலும் இருக்கும். எழுத்தோடு தொடங்கும் தொழில் தருநர் இலக்கமும் வேண்டும். சம்பளச் சீட்டிலோ, மத்திய வங்கியின் கணக்குக் கூற்றிலோ இரண்டும் இருக்கும். இரண்டு கடை என்றால் இரண்டு கணக்கு, இரண்டையும் தேடுங்கள்.

பதில் 2: சம்பளச் சீட்டு இல்லையென்றால் அடையாள அட்டையோடு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். கடையின் பதிவுப் பெயர், முகவரி, வேலை செய்த ஆண்டுகளை எழுதிக்கொண்டு போவது முக்கியம், பெயர்ப்பலகையில் உள்ள பெயரில் பதிவு இராமலும் போகலாம்.

கணக்கு அகப்படாததற்கு அடையாள அட்டை இலக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். பழைய 9 இலக்கமும் எழுத்தும் உள்ளதில் பதிந்திருந்தால் புதிய 12 இலக்கத்தில் தேடி வராமல் போகலாம். இரண்டையும் கொடுங்கள். பெயரில் ஓரெழுத்து மாறினாலும் இப்பவே திருத்துங்கள், 55 வயதில் (பெண்களுக்கு 50) காசு எடுக்கப் போய்த் திருத்தினால் மாதக்கணக்கில் இழுபடும்.

பதில் 1: மறுகா, கூற்றில் உங்கள் சம்பளத்தில் வெட்டும் 8 வீதமும் தொழில் தருநர் போடும் 12 வீதமும் மாதாமாதம் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சம்பளத்தில் வெட்டியும் கட்டாத மாதம் இருந்தால் அந்தச் சம்பளச் சீட்டுத்தான் சாட்சி.