வானவில் எழுத்துருவில் சிக்கிய ஊராட்சிக் கணக்கு: யாராவது கைகொடுங்களேன்

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊராட்சி எந்தத் தெருவுக்கு எவ்வளவு செலவு செய்தது என்று ஒரே தாளில் எழுதி, அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்னால் டீக்கடைச் சுவரில் ஒட்ட நினைக்கிறோம். ஊராட்சிக் கணக்குகளை வெளியிடும் மத்திய அரசின் இ-கிராம் சுவராஜ் தளத்தில் செலவு விவரம் கிடைக்கிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கத்தில் 'தெருவிளக்கு பராமரிப்பு' என்று மட்டும் போட்டிருக்கிறது, எந்தத் தெரு என்று இல்லை. சரி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினேன். வந்ததில் பாதி ஸ்கேன் செய்த பிடிஎஃப், மீதி வானவில் என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்த எக்செல். 2010-லேயே எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி படிக்க வரும் யூனிகோடு முறைக்குத் தமிழக அரசு ஆணை போட்டாயிற்று, எங்கள் ஊருக்குப் பேருந்து கிடைக்கவில்லை போல!

வானவில்லை யூனிகோடாக்க, இணையத்தில் கிடைத்த எழுத்துரு மாற்றியில் போட்டால் கொ, கோ எல்லாம் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறுகிறது. ஆங்கிலத்தில் அடித்த பில் எண்களும் கெட்டுப்போகின்றன. எக்செல்லை அறை அறையாக எழுத்துரு பார்த்து மாற்றும் பைத்தான் நிரல் யாரிடமாவது இருக்கிறதா? அப்புறம், ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் டெசராக்ட் மென்பொருளில் கட்டம் போட்ட தமிழ் அட்டவணையைப் படிக்கவைத்தவர்கள் கோடுகளை எப்படி நீக்கினீர்கள்? மாதிரிக்கு இரண்டு பக்கம் அனுப்புகிறேன், பெயர்களை மறைத்துவிட்டுத்தான்.