வாரண்டி முடியப்போகிறது, டிஃபரென்ஷியலில் எண்ணெய்க் கசிவு: ஆலோசனை தேவை

நண்பர்களுக்கு வணக்கம். என் காருக்கு அடுத்த மாதம் வாரண்டி முடிகிறது. இந்த நேரத்தில் பின்பக்க டிஃபரென்ஷியலின் (எஞ்சின் விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) பினியன் சீல், அதாவது விசைத்தண்டு உள்ளே நுழையும் இடத்தில் எண்ணெயைத் தடுக்கும் வளையம், கசிகிறது. இடப்பக்க ஆக்ஸில் (சக்கர அச்சு) சீலைச் சுற்றியும் ஈரம் படிந்திருக்கிறது. கந்தக வாடை அடிக்கிறது, கியர் எண்ணெய்தான்.

சர்வீஸ் மையத்திலோ, "வெறும் ஈரம்தான், சொட்டவில்லையே, அடுத்த சர்வீஸில் பார்க்கலாம்" என்கிறார்கள். அடுத்த சர்வீஸ் வருவதே வாரண்டி முடிந்த பிறகுதான்! இதை என்னால் ஏற்க முடியவில்லை. எண்ணெய் குறைந்தால் பேரிங்கும் பல்சக்கரங்களும் தேயும். அப்போது செலவு சீலோடு நிற்காது. புகாரை ஜாப் கார்டில் எழுதி வாங்கிவிட்டேன். தேதியுடன் படங்களும் இருக்கின்றன.

வாரண்டிக்குள் புகார் பதிவாகிவிட்டால், வேலை பிறகு நடந்தாலும் இலவசமாகச் செய்து தருவார்களா? டிஃபரென்ஷியலின் பிரீதர் துளை (காற்று வெளியேறும் துளை) அடைத்து உள்ளே அழுத்தம் கூடினாலும் சீல் கசியும். முதலில் அதைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தலாமா?

பெரிய கவலை இன்னொன்று. பினியன் சீலை மாற்ற நட்டைக் கழற்ற வேண்டும். திரும்ப முடுக்கும்போது அளவு தவறினால் பேரிங்கின் இறுக்கம் மாறி, நன்றாக ஓடும் டிஃபரென்ஷியல் இரையத் தொடங்கிவிடும். கழற்றும் முன் பழைய இறுக்கத்தை அளந்து குறித்துக்கொள்ளும்படி யாராவது கேட்டிருக்கிறீர்களா? எப்படிக் கேட்டால் செய்கிறார்கள்? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விரைவில் எழுதுங்கள்.