மறு: 'வேறுபடுத்தப்படாத திறன் கருத்து' - மாற்றுச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம். முயற்சி வேறு, திறமை வேறு என்று பிரித்துப் பார்க்காத சின்னப் பிள்ளைகளின் எண்ணத்துக்குப் பாடநூலில் எழுத 'வேறுபடுத்தப்படாத திறன் கருத்து' என்பதற்கு மாற்றாக ஒரு சொல் தேடுகிறோம். அதற்கு நம்மில் ஒருவர் சொன்ன யோசனை இது:

> முயற்சியையும் திறமையையும் குழந்தை ஒன்றாகவே பார்க்கிறது என்றால் 'முயற்சித்திறன்' என்று வைத்துவிடலாமே. வாயிலும் நிற்கும்.

வாயில் நிற்கும், சரி. ஆனால் முயற்சி செய்யும் திறன் என்றுதான் யாரும் படிப்பார்கள். நாம் பெயர் தேடுவது, திறமை என்றால் என்னவென்று குழந்தை கொண்டிருக்கும் எண்ணத்துக்கு.

உளவியலாளர் ஜான் நிக்கல்ஸ் 1978இல் வெளியிட்ட ஆய்வில் பிள்ளைகளுக்கு ஒரு குறும்படம் காட்டினார். இருவர் கணக்குப் போடுகிறார்கள். ஒருவர் தலை நிமிராமல் போடுகிறார், மற்றவர் இடையிடையே விளையாடுகிறார். மதிப்பெண் இருவருக்கும் ஒன்றே. யார் கெட்டிக்காரர்? நாம் விளையாடியவரைச் சொல்வோம். சின்னப் பிள்ளைகள் உழைத்தவரைச் சொன்னார்கள். கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சம மதிப்பெண் இடித்தது. விளையாடியவரும் ஏதோ ஒரு நேரத்தில் மும்முரமாகப் போட்டிருப்பார் என்று சமாதானம் சொன்னார்கள். திறமைக்கு ஓர் எல்லை உண்டு, உழைப்பு அதைத் தாண்டாது என்ற எண்ணம் 11, 12 வயதை ஒட்டித்தான் தெளிவாகிறது.

'வேறுபடுத்தப்படாத' என்று எழுதினால், குழந்தை செய்யவேண்டிய எதையோ செய்யத் தவறியதுபோல் தொனிக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டிய கோபுரம் சரிந்ததும் 'எனக்கு இது வராது' என்று ஒதுங்காமல் மறுபடி அடுக்க உட்காரும் தெம்பில் இந்த எண்ணத்துக்கும் பங்கு உண்டு.

என் பரிந்துரை 'பிரியாத் திறனெண்ணம்'. வளர்ந்தபின் வரும் நிலைக்கு 'பிரிந்த திறனெண்ணம்'. 'இணைந்த' வேண்டாம், தனித்தனியாக இருந்தவைதான் இணையும்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுவே முக்கியம். குழந்தை மனதில் திறமையோடு ஒட்டியிருப்பது முயற்சி மட்டும் இல்லை, நல்ல குணமும்தான். உளவியலாளர்கள் ஹேமன், டுவெக், கெய்ன் மூவரும் 1992இல் வெளியிட்ட ஆய்வில், செய்த வேலையைக் குறை சொன்னதும் மழலையர் வகுப்புப் பிள்ளைகளில் கணிசமானோர் துவண்டுபோனார்கள். 'நான் நல்ல பிள்ளை இல்லை' என்கிற அளவுக்குச் சிலர் போனார்கள். பிரியாத எண்ணம் குழந்தையை எப்போதும் காக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 'முயற்சித்திறன்' இந்தப் பக்கத்தை அடைத்துவிடும். 'பிரியா' என்றால் எதெல்லாம் பிரியவில்லை என்று கேட்க இடமிருக்கிறது.

அப்புறம், ஒரு வேலையை அதன் மேலுள்ள விருப்பத்தாலேயே செய்யவைக்கும் ஊக்கத்துக்கு அகவூக்கமா உள்ளூக்கமா என்ற கேள்வி. பரிசு போல வெளியிலிருந்து வரும் புறவூக்கத்துக்கு எதிர்ச்சொல்லாக அகவூக்கமே போதும். 1973இல் உளவியலாளர் லெப்பர் குழுவின் ஆய்வில், சான்றிதழ் தருவதாகச் சொல்லி வரையவைத்த பிள்ளைகள் பின்னர் தாமாக வரைவது குறைந்தது. சொல்லாமல் கொடுத்தபோது குறையவில்லை. இதை விளக்க அகம், புறம் என்ற இணை கச்சிதமாகப் பொருந்துகிறது.

'எண்ணம்' பாடநூலுக்கு லேசாக இருக்கிறது என்று தோன்றினால் 'திறன்கருத்து' என்று மாற்றலாம். 'பிரியா'வை மட்டும் விட்டுவிடாதீர்கள்.