சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: அபராதப் பட்டியலை விடுங்கள், இதைப் பாருங்கள்

சூயிங்கம் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது அதைத்தான். மெல்லுவது குற்றமில்லை. இறக்குமதிக்கும் விற்பனைக்கும்தான் 1992 முதல் தடை. எம்ஆர்டி ரயில் கதவுகளின் சென்சாரில் சிலர் அதை ஒட்டிவைத்து ரயிலையே நிறுத்தியதால் வந்த சட்டம். பெட்டியில் வைத்துக்கொண்டு வராதீர்கள், அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது வேறு. வழக்கமாக, நீங்கள் தப்பு செய்தீர்கள் என்று அரசுதான் நிரூபிக்க வேண்டும். இங்கே சில சட்டங்களில் மட்டும் அது தலைகீழ். செய்தவர் நீங்கள்தான் என்று சட்டம் முதலிலேயே எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது உங்கள் பாடு. மாட்டிக்கொண்ட பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

போதைப்பொருள் சட்டம் இதில் முதலாவது. 1973-ல் வந்தது. 15 கிராமுக்கு மேல் சுத்த ஹெராயின், 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. இதை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பலர் கேள்விப்படாதது, அந்தச் சட்டத்தின் அனுமானங்கள். ஒரு பெட்டியின் சாவியோ வீட்டின் சாவியோ உங்களிடம் இருந்தால், அதற்குள் இருக்கும் போதைப்பொருளும் உங்களிடம் இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும் என்றும் எடுத்துக்கொள்ளும். "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் மட்டும் போதாது, நிரூபிக்க வேண்டும். அதனால் ஊரிலிருந்து கிளம்பும்போது யாராவது "என் மச்சானிடம் இந்தப் பார்சலைக் கொடுத்துவிடுங்கள்" என்றால், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். சொந்தக்காரராக இருந்தாலும் சரி. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

குருமாவுக்குப் போடும் கசகசாவும் இங்கே சாதாரணச் சரக்கு இல்லை. அதில் மார்ஃபின் இருக்கக்கூடும் என்பதால் போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்தாலும் ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள், முந்திரியை அரைத்து ஊற்றிக்கொள்ளலாம். குட்கா, கைனி போன்ற மெல்லும் புகையிலைக்கும் தடை உண்டு. வேப் (மின்சிகரெட்) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதை வைத்திருப்பதே குற்றம். எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தைக் கலந்த வேப் பரவியதால், 2025 செப்டம்பர் 1-ல் அந்த மருந்தைப் போதைப்பொருள் பட்டியலிலேயே சேர்த்தார்கள். திரும்பத் திரும்பப் பிடிபடும் வெளிநாட்டினரின் வேலை அனுமதியும் போய்விடும்.

அடுத்தது குப்பை. சிரிக்காதீர்கள். வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி புளோக்குகளில் ஜன்னல் வழியாக வீசுவது இங்கே பழைய தலைவலி. சிகரெட் துண்டு, டிஷ்யூ, சில நேரம் பாட்டில். கீழே போகிறவர் தலையில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. தேசியச் சுற்றுப்புற வாரியம் எதிரில் கேமரா வைத்து எந்த வீட்டு ஜன்னல் என்று கண்டுபிடித்துவிடும். ஆனால் வீட்டுக்குள் இருந்த ஐந்து பேரில் வீசியது யார் என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் 2023 ஜூலை 1 முதல் விதி மாறிவிட்டது. வீட்டு உரிமையாளரோ வாடகைதாரரோதான் வீசியவர் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். நான் அந்த நேரத்தில் வீட்டில் இல்லை என்றோ, வீசியவர் இன்னார் என்றோ 14 நாளுக்குள் காட்டினால்தான் தப்பிக்கலாம். பேச்சிலர்களாகச் சேர்ந்து வீடு எடுக்கும் தம்பிகள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் தலையில்தான் முதலில் விழும்.

மூன்றாவது, வங்கிக் கணக்கு. இதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பது என் எண்ணம். "உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், அதை இன்னொரு கணக்குக்கு அனுப்பிவிடு, கமிஷன் தருகிறேன்" என்பார்கள். அல்லது அரசுச் சேவைகளுக்கு இணையத்தில் நுழையும் உங்கள் அடையாளக் கணக்கான சிங்பாஸைக் கொஞ்ச நேரம் கேட்பார்கள். முன்பெல்லாம் மோசடிப் பணம் என்று தெரிந்தே செய்தீர்கள் என்பதை நிரூபிக்க அரசு திண்டாடியது. 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தங்களுக்குப் பிறகு அலட்சியமாக இருந்ததே போதும். சிங்பாஸ் விவரத்தை அடுத்தவருக்குக் கொடுப்பதும் குற்றம். கணக்கைக் கொடுத்து உதவுபவர்களுக்குப் பிரம்படியும் விதிக்கலாம் என்று 2025 நவம்பரில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. சந்தேகமாக ஏதாவது வந்தால் 1799-ஐ அழைத்துக் கேளுங்கள். மோசடி பற்றி விசாரிப்பதற்கென்றே இருக்கும் எண் அது.

கீழே வந்த கேள்விகளுக்குப் பதில்:

"அண்ணா, சனிக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் புல்வெளியில் உட்கார்ந்து ஒரு பீர் குடிக்கலாமா?"

கூடாது தம்பி. 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளி பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம், வாகனங்களுக்குத் தீ. விசாரணைக் குழு மதுவையும் ஒரு காரணமாகச் சொன்னது. 2015 ஏப்ரல் 1 முதல் தீவு முழுக்க இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கத் தடை. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் கூடுதலாக, சனி காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை முழுத் தடை. உரிமம் உள்ள கடைக்குள் உட்கார்ந்து குடிப்பது வேறு விஷயம். ஒரே ஒரு இரவில் நடந்ததற்கு, வாரத்தில் ஒரு நாள் மட்டும் விடுமுறை கிடைக்கும் தொழிலாளிகள் இன்னும் விலை கொடுக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் சட்டம் சட்டம்தான், அபராதம் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகும்.

"வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் கோட்டா முடிந்துவிட்டது என்கிறார்கள். நிஜமா, சாக்கா?"

இரண்டுமே நடக்கும். வெளிநாட்டினர் ஒரே இடத்தில் குவிந்துவிடக் கூடாது என்பதற்காக, முழு வீவக வீட்டை வாடகைக்கு விட வரம்பு இருக்கிறது: ஒரு பேட்டையில் 8 சதவீதம், ஒரு புளோக்கில் 11 சதவீதம். மலேசியர்களுக்கு இது பொருந்தாது. அறை மட்டும் எடுப்பவர்களுக்கும் பொருந்தாது. ஆகவே, அறைக்கே கோட்டா என்று யாராவது சொன்னால் அது சாக்குதான். வீவக இணையதளத்தில் அந்த புளோக்கின் நிலவரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்; ஏஜெண்ட் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன் வாடகைக்கு விட வீவக அனுமதி வாங்கியாயிற்றா என்றும் கேளுங்கள்.

"குழந்தையோடு கிராப் செயலியில் கார் பிடித்துப் போகலாமா?"

1.35 மீட்டருக்குக் குறைவான உயரம் என்றால் குழந்தை இருக்கை வேண்டும். டாக்சிக்கு மட்டும் விலக்கு உண்டு, கிராபில் வரும் தனியார் வாடகைக் காருக்கு இல்லை. பதிவு செய்யும்போதே இருக்கை உள்ள வண்டியைக் கேளுங்கள், இல்லாவிட்டால் டாக்சியைப் பிடியுங்கள்.